டெர்வென்ட்வாட்டர் ஏரி வரைபடம், கிராஸ்த்வெயிட்: 1783 அசல்தானா?

தாள்பித்தன்:
இங்கிலாந்து லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கு பீட்டர் கிராஸ்த்வெயிட் போட்ட வரைபடம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "1783 அசல், செம்புத்தகட்டு அச்சு" என்கிறார் விற்பவர். சட்டம் போடாத தாள், கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார். எதை வைத்து உறுதி செய்வது? தாளிலேயே ஆண்டு அச்சாகியிருக்கிறது, அது போதாதா? கரையோரம் அங்கங்கே 'ஸ்டேஷன்' என்று குறித்திருக்கிறதே, அந்தக் காலத்தில் ஏது ரயில்? முதுகுப்பக்கம் பழுப்பேறிய செலோடேப் இரண்டு துண்டு ஒட்டியிருக்கிறது. உரித்துவிடலாமா?

அச்சுக்கூடம்:
டேப்பில் கை வைக்காதீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆண்டு போதாது. அச்சுப்படங்களுக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்பது 1735 முதல் பிரிட்டனில் சட்டம். 1767ல் வரைபடங்களையும் அதில் சேர்த்தார்கள். ஆக அந்தத் தேதி தகட்டுக்கு உரியது, உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு உரியதல்ல. கிராஸ்த்வெயிட் தன் தகடுகளில் அவ்வப்போது திருத்தம் செதுக்கி மறுபடி மறுபடி அச்சடித்தார். 1808ல் அவர் இறந்த பிறகும் 1819 வரை பதிப்புகள் வந்தன. போதாக்குறைக்கு 1960களில் ஆஃப்செட் பிரதியும் (பழைய தாளைப் படமெடுத்து இயந்திரத்தில் அடிக்கும் நவீன அச்சு) வந்தது. அதிலும் பழைய தேதி அப்படியே இருக்கும்.

முதலில் டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். செம்புத்தகட்டு அச்சில் ஈரத்தாளைத் தகட்டோடு சேர்த்து உருளையில் நெரிப்பார்கள். அதனால் படத்தைச் சுற்றி தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். ஓரம் வெட்டிய தாளில் அது போயிருக்கலாம், அதற்காக உடனே தள்ளிவிட வேண்டாம்.

அடுத்து நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ். உளி செதுக்கிய கோடு மயிரிழையாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும், மை தாளின் மேல் சற்று மேடாக நிற்கும். ஆஃப்செட்டில் மை தட்டை. புகைப்படத்தை ஆஃப்செட்டில் அடித்தால் நிழல்கள் சிறு புள்ளிகளாகத் தெரியும். 'புள்ளி தெரியவில்லை, அதனால் அசல்' என்று பலர் ஏமாறுவது இங்கேதான். வெறும் கோட்டுப்படத்தை ஆஃப்செட்டில் அடித்தால் புள்ளி இருக்கவே இருக்காது.

மூன்றாவது, இருட்டில் புறஊதா டார்ச். 1950க்குப் பிந்தைய தாளில் வெண்மையூட்டி கலந்திருந்தால் நீலவெள்ளையாகப் பளீரென ஒளிரும். ஒளிர்ந்தால் பிரதி, பேச்சே இல்லை. ஒளிராததை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

கடைசியாக ஜன்னலுக்கு எதிரே தாளைப் பிடித்து வாட்டர்மார்க் (தாள் செய்யும்போதே அதில் பதியும் குறி) பாருங்கள். ஏற்றுமதித் தாளுக்கு வரி திரும்பக் கிடைக்க, தாளில் ஆண்டைப் பதிக்க வேண்டும் என்று 1794ல் சட்டம் வந்தது. அதன் பின் ஆங்கிலேயத் தாள்களில் ஆண்டு அடிக்கடி தெரியும். தாள் அந்த ஆண்டுக்கு முந்தி இருக்க வழியில்லை அல்லவா?

ஏரிவாசி:
ஸ்டேஷன் பற்றி. ரயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை :) தாமஸ் வெஸ்ட் 1778ல் எழுதிய ஏரி வழிகாட்டியில் எங்கே நின்றால் எந்தக் காட்சி என்று இடம் இடமாகச் சொன்னார். அந்த நிற்குமிடங்கள்தான் ஸ்டேஷன். டெர்வென்ட்வாட்டரில் முதலாவது காக்‌ஷட் குன்று, இரண்டாவது குரோ பார்க். பயணி அங்கே போய், காட்சிக்கு முதுகு காட்டி நின்று, கருமை பூசிய சிறு குவிகண்ணாடியில் ஏரியைப் பார்ப்பார். அப்படியொரு மோகம். புத்தகத்தில் இருந்த இடங்களை கிராஸ்த்வெயிட் தாளில் குறித்தார், தானும் சில சேர்த்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கடலோடிய ஆள் அவர். பிறகு ஏரிக்கரை ஊரான கெஸ்விக்கில் அருங்காட்சியகம் திறந்து அங்கேயே இந்த வரைபடங்களை விற்றார். மொத்தம் ஏழு. அதில் ஒன்று இந்த ஏரியின் தீவுகளில் ஒன்றுக்கு மட்டுமானது. ஜோசப் பாக்லிங்டன் என்ற பணக்காரர் 1778ல் அதை வாங்கி வீடு, பொம்மைக் கோட்டை, போலி ட்ரூயிட் (பண்டைய கெல்டிக் பூசாரிகள்) கல்வட்டம் எல்லாம் கட்டினார். படகுப் போட்டி நாளில் அந்தக் கோட்டைமேல் பீரங்கியோடு போலித் தாக்குதல் நடக்கும். போட்டியின் 'அட்மிரல்' நம்ம கிராஸ்த்வெயிட்! உங்கள் தாளில் 'பாக்லிங்டன்ஸ் ஐலண்ட்' என்று இருப்பது இன்றைய டெர்வென்ட் தீவு.

ஸ்கேலையும் வைத்துப் பாருங்கள். அளவு மைலுக்கு 3 அங்குலம், ஏரியின் நீளம் சுமார் 3 மைல். ஆக தாளில் ஏறக்குறைய 9 அங்குலம் வர வேண்டும். ஈரத்தில் அச்சான தாள் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சிறு வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். 7 அங்குலம்தான் வருகிறதென்றால் அது சுருக்கி அடித்த பிரதி. இடது ஓரத்தில் தையல் துளை இருந்தால் கட்டிய தொகுப்பிலிருந்து பிரித்த தாள்.

அச்சுக்கூடம்:
இப்போது டேப். காலப்போக்கில் அதன் ரப்பர் பசை தாளுக்குள் ஊறிவிடும். உரித்தால் மேல்நார் கூடவே வரும். சூடான தட்டைக் கரண்டியால் மேல்படலத்தை எடுத்து, மிச்சப் பசையைக் கரைப்பானால் இளக்க வேண்டும். அது தாள் பாதுகாப்பாளர் வேலை. தண்ணீர் வேண்டவே வேண்டாம். அச்சு மை எண்ணெய் மை, தாங்கும். கையால் வண்ணம் தீட்டியிருந்தால் அது ஓடிவிடும். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப்பசையும் போதும். சட்டம் போடும்போது பருத்தி அட்டையில் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு தாள்கீல் (ஒட்டிப் பிடிக்கும் சிறு தாள்துண்டு), முதுகு முழுக்கப் பசை தடவக்கூடாது. வெயில் படும் சுவரும் கூடாது.

தாள்பித்தன்:
பார்த்துவிட்டேன். தகட்டுப் பள்ளம் மூன்று பக்கம் தெளிவு. புறஊதாவில் ஒளிரவில்லை. ஏரி 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாட்டர்மார்க்கில் '18' மட்டும் தெரிகிறது, மிச்ச இரண்டு எண் டேப்புக்கு அடியில்.

அச்சுக்கூடம்:
'18' என்று தொடங்கினாலே 1783 கதை முடிந்தது. கிராஸ்த்வெயிட்டின் தகட்டில் அடித்ததுதான், ஆனால் பிந்தைய அச்சு. அந்த விலைக்கு மட்டும் பேசுங்கள், டேப் எடுக்கும் கூலியையும் கழித்து. டேப் பகுதிக்குப் பின்னால் பலமான விளக்கு ஒன்றை வையுங்கள், மிச்ச எண் பெரும்பாலும் தெரியும். தெரிந்ததும் இங்கே போடுங்கள்.