நாலரை மணிக்கே இருட்டும் ஊரில் எந்தப் பழைய பேய்ப்படத்தில் தொடங்கலாம்?

திருச்சிப்பொண்ணு (லெஸ்டர்):

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து இங்கே இங்கிலாந்துக்கு வந்து பதினோரு மாசம் ஆகுது. போன வருஷம் நாங்க வந்து இறங்கினது அக்டோபர் கடைசி. அந்த ஞாயிற்றுக்கிழமையே குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சாங்க. மறுவாரம் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்து, டீ போட்டுக் குடிச்சு நிமிர்ந்தா ஜன்னலுக்கு வெளியே ராத்திரி. மணி அஞ்சுகூட ஆகலை. வீட்டுக்காரருக்கு வாரத்துல நாலு நாள் நைட் ஷிப்ட். நானும் பொண்ணும் வீட்ல இருக்கிற அத்தனை லைட்டையும் போட்டு வச்சுட்டு, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கிட்டே அந்தக் குளிர்காலத்தைக் கழிச்சோம். இருட்டு மேல எனக்குக் கோபமே வந்தது.

இந்த வருஷம் அப்படிக் கழிக்க மனசு வரலை. எங்க தெருமுனை மேப்பிள் மரம் இப்பவே நுனியில சிவக்க ஆரம்பிச்சிடுச்சு.

போன வாரம் ஒரு சாரிட்டி கடையில ஒரு பவுண்டுக்கு ஒரு டிவிடி கிடைச்சது. 1939-ல பாஸில் ராத்போன் நடிச்ச ஷெர்லாக் ஹோம்ஸ் படம், பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை. சதுப்பு நிலமும் மூடுபனியுமா ஒரே கறுப்பு வெள்ளை. கொலைகாரன் யாருங்கிறதுல என் பொண்ணுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. படம் முடிஞ்சப்புறம், "அம்மா, அந்தப் பனிக்குள்ள இன்னும் யாரோ நிக்கிற மாதிரியே இருக்குல்ல?"ன்னு கேட்டா. அவளுக்குப் பதிமூணு வயசு.

அந்த மாதிரிப் படங்கள்தான் எங்களுக்கு வேணும். ரத்தம், வெட்டு வேண்டாம். பெரிய வீடு, காத்து, மாடிப்படி, யாரோ நடக்கிற சத்தம், இது போதும். எதிலிருந்து தொடங்கலாம்?

கும்பகோணத்தான் (கோவென்ட்ரி):

அம்மா, உங்க பொண்ணு சரியான இடத்துல கையை வச்சிருக்கு. பனிக்குள்ள நிக்கிறவன் வெளியே வந்துட்டா பயம் தீர்ந்துபோயிடும். வராம அங்கேயே நிக்கணும். அதைத் தெரிஞ்சவங்க எடுத்த படங்கள் கொஞ்சம்தான். இருபது வருஷமா செப்டம்பர் பாதியிலேர்ந்து சனிக்கிழமை ராத்திரிகள்ல நான் அதைத்தான் தேடித் தேடிப் பார்க்கறேன்.

முதல் படமா கேட் பீப்பிள் பாருங்க. 1942, ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ, 73 நிமிஷம். தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குனர் ஜாக் டூர்னர். ஸ்டூடியோ லூட்டன்கிட்ட முதல்ல தலைப்பைத்தான் கொடுத்தது, கதையை நீயே பண்ணிக்கோன்னு. செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, நீளமும் 75 நிமிஷத்துக்குள்ள இருக்கணும். தான் சிறுத்தையா மாறிடுவேனோன்னு பயப்படற ஒரு பொண்ணோட கதை. அந்த மிருகத்தைக் காட்டப் பணம் இல்லை, காட்ட அவருக்கு இஷ்டமும் இல்லை. வேற படத்துக்குப் போட்ட மாடிப்படி செட்டையே எடுத்து வச்சுக்கிட்டார். மீதியை ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராக்கா நிழல்லேயே கட்டினார்.

அதுல ஒரு காட்சி. ராத்திரி, பூங்கா மதில் ஓரமா ஒரு பொண்ணு தனியா நடக்கறா. பின்னாடி இன்னொரு ஜோடி குதிகால் சத்தம். கொஞ்ச தூரத்துல அந்தப் பின்சத்தம் நின்னுபோயிடும். இசை ஒரு துளி கிடையாது. தெருவிளக்குக்குத் தெருவிளக்கு அவ நடை வேகமாகும். அப்புறம் ஒரு சத்தம் வரும். என்ன சத்தம்னு நான் இங்கே எழுத மாட்டேன், பொண்ணு தானே கேக்கட்டும். நான் 22 வருஷம் இந்த ஊர்ல பஸ் ஓட்டி, போன மார்ச்லதான் ஓய்வு வாங்கினேன். அந்தச் சத்தத்தைத் தினமும் நூறு தடவையாவது என் காலாலேயே எழுப்பியிருக்கேன். முதல் தடவை படத்துல கேட்டப்போ, சோபாவுல உட்கார்ந்திருந்த எனக்கு வலது கால் தானா அழுந்திச்சு.

ரெண்டாவதா தி ஹாண்டிங், 1963. பின்னாடி இதே பேர்ல வந்த கலர் படம் இல்லை, கறுப்பு வெள்ளைதான். எடுத்தவர் ராபர்ட் வைஸ். எடிட்டரா இருந்தவரை முதல் தடவை இயக்குனர் நாற்காலியில உட்கார வச்சதே மேலே சொன்ன லூட்டன்தான். குருகிட்ட கத்துக்கிட்டதை இருபது வருஷம் கழிச்சு ஒரு பெரிய வீட்டுக்குள்ள வச்சுக் காட்டியிருக்கார். ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படம். அதுல பேய்னு ஒண்ணைக் கண்ணால பார்க்கவே மாட்டீங்க. சுவத்துல இடிக்கிற சத்தம், குளிர், ஒரு மரக்கதவு. அந்தக் கதவு என்ன பண்ணுதுன்னு பாருங்க, அதுக்கு மேல நான் சொல்லலை. வீடே கொஞ்சம் வளைஞ்சு தெரியுதேன்னு தோணும். பானாவிஷன் கம்பெனிகிட்ட அப்போ ஒரு 30 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தது. இன்னும் சரி பண்ணி முடிக்காதது, உருவத்தைக் கோணலாக்கும். அந்தக் கோணல்தான் எனக்கு வேணும்னு கேட்டு, குறை இருக்குன்னு தெரிஞ்சேதான் வாங்கறேன்னு கையெழுத்தும் போட்டு வாங்கியிருக்கார் வைஸ்.

இதுல உங்களுக்கு ஒரு விசேஷம் இருக்கு. கதை நடக்கிறது அமெரிக்காவுல, ஆனா வெளியே தெரியற அந்த வீடு நம்ம பக்கத்துல, வார்விக்‌ஷயர்லதான் இருக்கு. எட்டிங்டன் பார்க். ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத் தெற்கே, இப்போ ஹோட்டல். மூணு வருஷத்துக்கு முன்னாடி என் கல்யாண நாளுக்கு வீட்டம்மாவை அங்கே டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனேன். நவம்பர் முதல் வாரம், மத்தியானம் மூணு மணி. நேர்ல பார்த்தா அழகான வீடும்மா. ரெண்டு நிறக் கல்லை வரி வரியா அடுக்கிக் கட்டியிருக்காங்க. இதையா அப்படிக் காட்டினாங்கன்னு எனக்கு ஆச்சரியம். வெளிக்காட்சிகளை இன்ஃப்ராரெட் ஃபிலிம்ல எடுத்ததால அந்தக் கல் வரியெல்லாம் தழும்பு மாதிரி எழும்பி, வானம் கறுத்துத் தெரியுது. டீ குடிச்சு முடிச்சு நாலரைக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தோம். வெளிச்சம் இறங்கியிருந்தது. வீட்டம்மா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. ஆனா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கார் எங்கே நிறுத்தினீங்க?"ன்னாங்க.

பார்க்கிற விதமும் முக்கியம். எல்லா லைட்டையும் அணைச்சிடுங்க, சமையலறை லைட்டும் சேர்த்து. கறுப்புத் திரையில பல்பு ஒண்ணு தெரிஞ்சாலும் நிழல் செத்துப்போகும். டிவியில அசைவை வழவழன்னு ஆக்கற அமைப்பு இருந்தா அணைங்க. கேட் பீப்பிள் கிட்டத்தட்ட சதுரமான படம், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை இழுத்து அகலமாக்க வேண்டாம். போன் வேற ரூம்ல இருக்கட்டும். டாக்கிங் பிக்சர்ஸ் டிவின்னு ஒரு இலவசச் சேனல் இருக்கு, பழைய பிரிட்டிஷ் படங்கள் நிறையப் போடுவாங்க. அதையும் ஒரு கண் பார்த்து வைங்க.

பனங்கூடல் (லண்டன்):

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப ஹாரோவிலை இருக்கிறன். தொண்ணூறுகளிலை எங்கடை ஊரிலை கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, சில்லைக் கையாலை சுத்தி, டைனமோவிலை ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். எனக்கு இருட்டு எப்பவும் சத்தத்தோடைதான் ஞாபகம் வரும். அதாலை சத்தத்திலை தொடங்கிற ஒரு படத்தைச் சொல்லுறன்.

தி இன்னசென்ட்ஸ், 1961, ஜாக் கிளேட்டன் எடுத்தது. படம் போட்டவுடனை திரை கறுப்பாய்த்தான் இருக்கும். டிவி பழுதாப்போச்சுது எண்டு நினைக்காதேங்கோ. அந்தக் கறுப்புக்குள்ளை ஒரு பிள்ளை பாடும், ஒரு ஆளும் தெரியாது. கம்பெனியின்ரை அடையாளப் படமே அதுக்குப் பிறகுதான் வரும். இரண்டு பிள்ளையளைப் பாக்கிறதுக்கு ஒரு பெரிய வீட்டுக்கு வாற ரீச்சரின்ரை கதை. டெபோரா கெர் நடிச்சிருக்கிறா. அகலத் திரையிலை எடுக்கச் சொல்லிக் கம்பெனி வற்புறுத்தினது. அவ்வளவு அகலம் வேண்டாமெண்டு, ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் கண்ணாடி வடிகட்டியளின்ரை ஓரங்களிலை மை பூசி, திரையின்ரை இரண்டு பக்கத்தையும் இருட்டாக்கிப்போட்டார். மெழுகுதிரியோடை அவா நடக்கேக்கை அந்த ஓர இருட்டும் கூட வாற மாதிரி இருக்கும்.

எனக்குக் கூடப் பயம் வந்தது பகல் காட்சியிலைதான். குளத்துக்கு அங்காலை, நாணல் புல்லுக்குள்ளை, கறுப்பு உடுப்போடை ஒரு பொம்பிளை நிக்கிறா. ஒண்டும் செய்யேல்லை. நிக்கிறா, அவ்வளவுதான்.

அந்தக் குளம் சசெக்ஸிலை ஷெஃபீல்ட் பார்க்கிலை இருக்குது. நேஷனல் டிரஸ்ட் தோட்டம், இலையுதிர் நிறத்துக்குப் பேர் போனது. போன ஐப்பசியிலை மனிசியோடை போனனான். தண்ணியிலை மரமெல்லாம் நெருப்புச் சிவப்பாய்த் தெரிஞ்சுது. சனம் படம் எடுத்துக்கொண்டு நிண்டது. நான் மற்றக் கரையையே பாத்துக்கொண்டு நிண்டன்.

பிள்ளைக்குப் பதின்மூண்டு எண்டால் இதை முதல் போடவேண்டாம். முடிவு நெஞ்சிலை கனக்கும். கும்பகோணத்து அண்ணை சொன்ன இரண்டையும் பாத்துப்போட்டு, மார்கழி அளவிலை பாருங்கோ.

மாடவீதி (மயிலாப்பூர்):

அங்கே இலை உதிர்கிற அதே நாட்களில் இங்கே ஐப்பசி அடைமழை. எங்கள் கூதிர்காலம் அதுதான். மழை நாள் சாயங்காலத்துக்கென்றே நான் எடுத்து வைத்திருக்கும் தமிழ்ப்படம் அந்த நாள், 1954. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பேய் கிடையாது, மர்மம்தான். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதை ஒட்டிய கதை. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுவார். பிறகு ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு கதை சொல்வார்கள். ஒரு பாட்டுகூட இல்லை. பாட்டில்லாமல் தமிழ்ப்படமே கிடையாது என்றிருந்த காலம் அது. முகத்தில் பாதியை இருட்டில் விட்டு வெளிச்சம் வைத்திருப்பதை உங்கள் பெண்ணுக்குக் காட்டுங்கள்.

பேயின் வாசனை வேண்டுமென்றால் ஸ்ரீதரின் நெஞ்சம் மறப்பதில்லை, 1963. ஒளிப்பதிவு வின்சென்ட். பாழடைந்த மாளிகைக்குள் சுசீலாவின் குரல் எங்கிருந்தோ வரும். என் அம்மா இன்றைக்கும் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். அந்தப் படத்தின் முதுகெலும்பே அந்தப் பாட்டுதான் என்பேன்.

கும்பகோணத்தாருக்கு ஒரு கேள்வி. அதே டூர்னர் 1957-இல் எடுத்த நைட் ஆஃப் தி டீமனை ஏன் சொல்லவில்லை?

கும்பகோணத்தான் (கோவென்ட்ரி):

வேணும்னேதான் விட்டேன் சார். காத்தும், மரங்களுக்கு நடுவுல துரத்தற அந்த ராத்திரியும் அபாரம். ஆனா பிசாசைத் திரையில காட்டியே ஆகணும்னு தயாரிப்பாளர் சேர்த்துட்டார், முதல் பத்து நிமிஷத்துக்குள்ளேயே அது வந்துடுது. டூர்னருக்கு அதுல சம்மதமே இல்லை. அதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு மனசு வலிக்கும். மூணாவதா வச்சுக்கலாம். காட்டினது சரியா தப்பான்னு அந்தப் பொண்ணே சொல்லட்டும்.

திருச்சிப்பொண்ணு (லெஸ்டர்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நேத்து ராத்திரி கேட் பீப்பிள் பார்த்தோம். சமையலறை லைட்டையும் அணைச்சுட்டோம். ஃப்ரிட்ஜ் மேல மின்னுற சின்னப் பச்சை விளக்கை மட்டும் பொண்ணு டேப் ஒட்டி மறைச்சா.

அந்த மதில் ஓரக் காட்சியில என் முழங்கையை அவ பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது. அந்தச் சத்தம் வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா எகிறிட்டோம். அப்புறம்தான், "அம்மா, அது பஸ்ஸோட பிரேக்கும்மா!"ன்னா. உங்க வலது கால் ஞாபகம் வந்தது ஐயா. நீச்சல் குளத்துல கூரை மேல தண்ணி வெளிச்சம் ஆடற இடத்தை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தோம். அங்கே எதுவுமே வரலைன்னு உறுதி பண்ணிக்க அவளுக்கு ரெண்டாவது தடவை வேண்டியிருந்தது.

எங்க வீட்டு வாசலுக்கு நேர் எதிர்ல ஒரு பஸ் ஸ்டாப் இருக்கு. பத்தே முக்காலுக்கு ஒரு பஸ் வந்து நின்னு, அதே மூச்சை விட்டது. தினமும் வர்ற பஸ்தான், நேத்துதான் காதுல விழுந்தது. பொண்ணு கம்பளியை மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டு, லைட்டைப் போடாதேன்னு சொல்லிட்டா.

அடுத்த சனிக்கிழமை தி ஹாண்டிங். அவங்க அப்பாவுக்கும் அன்னிக்கு லீவு. எட்டிங்டன் பார்க்குக்குக் கடிகாரம் மாத்தினப்புறம்தான் போகணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்கா.