உவர்நீர் இறால்கள் மூன்றாம் நாளே இறந்துபோவது ஏன்?

கேள்வி: கல்லடித் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்காக அவளுடைய மாமா வாங்கி வந்த ஆர்ட்டீமியா (உவர்நீர் இறால்) முட்டைகளை, கல்லடிக் கடற்கரையில் எடுத்துத் துணியால் வடித்த கடல்நீரில், இரண்டு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் இட்டோம். மறுநாள் மாலை செம்மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகள் வெளிவந்து மேசை விளக்கின் பக்கம் திரண்டு நின்றதைப் பார்த்த பிள்ளை அன்று உறங்கவே மறுத்துவிட்டாள். பசிக்குமே என்று அன்றிரவே அரைத் தேக்கரண்டி ஈஸ்டைக் கரைத்து ஊற்றினோம். அடுத்த நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீரைப் போல வெளுத்தது. மூன்றாம் நாள் காலையில் நாற்றமெடுத்து, ஒன்றுகூட உயிரோடு இருக்கவில்லை. முட்டைகள் இன்னும் மீதமுள்ளன. எங்கே தவறினோம்? நீர் வற்றினால் கடல்நீரையே சேர்க்க வேண்டுமா? பெருகிவிட்டால் வாவியில் விடலாமா?

பதில்: அக்கரைப்பற்று விஞ்ஞான ஆசிரியர்

சகோதரி, பிள்ளையின் வருத்தம் எனக்குப் புரிகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குடம்பிக்கு முதலில் உணவே தேவையில்லை. உடலிலுள்ள மஞ்சட்கருவைக் கொண்டே அது வாழ்ந்து, ஏறத்தாழ அரை நாளின் பின் ஒருமுறை தோலுரித்த பிறகுதான் உண்ணத் தொடங்கும். நீங்கள் ஊற்றிய ஈஸ்டை உண்ண அவற்றின் வாயே இன்னும் திறந்திருக்கவில்லை. அதைப் பற்றீரியாக்கள் உண்டு பெருகி, நீரிலிருந்த ஒட்சிசனைத் தீர்த்துவிட்டன.

இம்முறை குஞ்சு பொரித்து ஒரு நாள் கழித்து, ஊசி முனையளவு ஈஸ்டையோ ஸ்பைருலினா என்னும் பாசித் தூளையோ ஒரு கரண்டி நீரில் கரைத்து, அதிலும் சில துளிகளை மட்டும் விடுங்கள். தண்ணீர் மீண்டும் தெளியும்வரை அடுத்த துளி வேண்டாம். ஒடுங்கிய கழுத்துப் போத்தலைவிட வாயகன்ற பாத்திரம் நல்லது. காற்றுப் பம்பி இருந்தால் குழாய் நுனியிலுள்ள கல்லைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் மிக நுண்ணிய குமிழிகள் குஞ்சுகளின் கால்களில் சிக்கி அவற்றை மேலே தூக்கிவிடும்.

உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றை மகளிடம் கொடுங்கள். ஒற்றைக் கண்ணோடு பிறந்த உயிர் காம்புள்ள இரு கண்களும் பதினொரு சோடிக் கால்களும் பெற்று, மல்லாந்தபடியே நீந்துவதை அவள் காண்பாள்.

பதில்: பொத்துவில் மீன்தொட்டி

உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஆகவே பாத்திரத்தின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்திற்குக் கோடிட்டு, குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால், குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்ற வேண்டும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் நீர் மிக விரைவாக வற்றுவதால் இதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். உப்பு கூடினாலும் வளர்ந்தவை உடனே இறப்பதில்லை. ஆனால் பெண் இறால்கள் உயிருள்ள குஞ்சுகளுக்குப் பதிலாகத் தடித்த ஓடுடைய முட்டைகளை இடத் தொடங்கும். மாரியில் வாவி நீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பின் கரையோரக் கடல்நீர் கலங்கி உப்புக் குறைந்திருக்கும். அக்காலத்தில் கடல்நீருக்குப் பதிலாக, ஒரு லீற்றர் நன்னீருக்கு 30 முதல் 35 கிராம்வரை கல்லுப்பு கரைத்துக்கொள்வதே மேல்.

வாவியில் விடவே வேண்டாம், அக்கா. கடைகளில் விற்கப்படும் முட்டைகளில் பல அமெரிக்காவின் பெரும் உப்பு ஏரியிலிருந்து வருபவை. அந்த அமெரிக்க இனம் ஸ்பெயின், போர்த்துக்கல் உப்பளங்களில் புகுந்து, அங்கிருந்த சொந்த இனங்களை அகற்றியிருக்கிறது. மீன்கள் உண்டது போக எஞ்சும் முட்டைகள் காய்ந்தும் ஆண்டுக்கணக்கில் உயிர்தாங்கும். பாத்திரத்தை மாற்றும்போது பழைய நீரைக் கொதிக்க வைத்து, வாய்க்காலிலிருந்து தள்ளிய மண்ணில் ஊற்றிவிடுங்கள்.

மறுமொழி: கல்லடித் தாய்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊறுகாய்ப் பரணி ஒன்றைக் கழுவிக் கோடிட்டு வைத்துவிட்டோம். இன்று மாலை கடல்நீர் எடுக்கப் போகிறோம். ஈஸ்ட் டப்பாவை மகளே அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்துவிட்டாள்.