9 வாரம், துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. காத்திருக்கிறதா, மாத்திரையா, சக்‌ஷனா?

கொழுந்துக்காடு கேட்டது:

சோலூர்மட்டம் பக்கம் எங்க ஊர். தேயிலை ஃபேக்டரியில கணக்கு எழுதுறேன். கல்யாணமாகி 3 வருஷம் கழிச்சு முதல் தடவையா உண்டானேன். நாள் கணக்குப்படி 9 வாரம். போன திங்கட்கிழமை ஸ்கேன்ல குழந்தை 8 மி.மீ. தான் இருந்துச்சு, துடிப்பு இல்ல. டாக்டர் அவசரப்படல, ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்துடலாம்னாங்க. அந்த ஏழு நாளும் வயித்துல கைய வெச்சுக்கிட்டே வேலைக்குப் போய் வந்தேன். நேத்து மறுபடி பார்த்தாங்க. அதே 8 மி.மீ.

ரத்தம் ஒரு சொட்டு வரல. காலையில எழுந்தா இன்னும் குமட்டுது. அதுதான் தாங்க முடியல.

தானா வெளியேற விடலாம், மாத்திரை போடலாம், சக்‌ஷன் வெச்சு எடுக்கலாம், முடிவு உங்களுதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமைக்குள்ள சொல்லணும். "தானா போகட்டும், கத்தி கித்தி வேண்டாம்"ங்கிறாங்க அத்தை. அவர் திருப்பூர்ல வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். "உனக்கு எது பயமில்லையோ அதைச் செய்" என்கிறார் போன்ல. எனக்கு மூணுமே பயமா இருக்கு. மழை வேற விடல. கக்கூஸ் வீட்டுக்கு வெளிய, ராத்திரி கரண்ட் போயிடுது.

இன்னொன்னு, வீட்டுல யார்கிட்டயும் கேக்கல. பறிக்க ஆள் வரலைன்னு போன மாசம் எங்க தோட்டத்துல ரெண்டு கொழுந்து மூட்டை தூக்கினேன். மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ல போய் வந்தேன், அத்தனை வளைவு. அதனாலதான் இப்படி ஆச்சா?

குன்னூர்க்காரி:

தங்கச்சி, படிச்சதும் கை நடுங்குது. எனக்கும் 8 வாரத்துல இதே மாதிரி ஆச்சு. குமட்டல் நிக்காததை நீ சொன்ன பாரு, அது எனக்குத் தெரியும். உடம்புக்கு இன்னும் சேதி போய்ச் சேரல, அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சு சில நாள்ல நின்னுடும்.

நான் மாத்திரைதான் எடுத்தேன். முதல் நாள் ஒண்ணு முழுங்கக் கொடுத்தாங்க, ஒண்ணுமே ஆகல. ரெண்டாம் நாள் உள்ளே வைக்கிற மாத்திரை. மூணு மணி நேரத்துல குளிர் நடுக்கம், அப்புறம் வயித்து வலி. மாதவிலக்கு வலின்னு சொல்லி வெச்சிருந்தாங்க, அதைவிட ரொம்ப அதிகம். சாயங்காலம் நாலு மணிலேர்ந்து ஏழு வரைக்கும் கட்டி கட்டியா போச்சு. அம்மா கூடவே இருந்தாங்க, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போற தூரம். அந்த ரெண்டும் இல்லாம இருந்திருந்தா நான் மாத்திரைக்குத் துணிஞ்சிருக்க மாட்டேன். வலி மாத்திரையை முன்னாடியே கேட்டு வாங்கிக்கோ, யாரும் தானா எழுதித் தரல எனக்கு.

பழைய வார்டு சிஸ்டர்:

கண்ணு, 31 வருஷம் லேபர் வார்டுல நின்னவ சொல்றேன். மூட்டை தூக்கினதாலயும் இல்ல, பஸ் வளைவாலயும் இல்ல. இவ்வளவு சீக்கிரம் போற கருவுல பாதிக்கு மேல குரோமோசோம் சரியா சேராததாலதான் போகுது. அது கரு உண்டாகும்போதே நடந்து முடிஞ்சது. கொண்டை ஊசி வளைவுல கரு கலையும்னா இந்த மலையில ஒரு குழந்தை பிறந்திருக்காது.

ஒரு வாரம் விட்டுத் திரும்பப் பார்த்தது நல்ல டாக்டர் செய்யற வேலை. 7 மி.மீ. தாண்டியும் துடிப்பு இல்லைன்னாலே கரு நின்னுடுச்சுன்னு கணக்கு, அதையும் உறுதி பண்ணிக்கிட்டாங்க. அந்தச் சந்தேகத்தை விட்டுடு.

காத்திருந்தா பத்துல எட்டு பேருக்கு முழுசா போயிடும், ஆனா சில சமயம் 8 வாரம் வரைக்கும் இழுக்கும், என்னைக்குன்னு சொல்ல முடியாது. மாத்திரைன்னா மிஃபெப்ரிஸ்டோன் முதல்ல, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு மிசோப்ரோஸ்டால். அமெரிக்காவுல 300 பெண்களை வெச்சு நடந்த ஆய்வு ஒண்ணு 2018ல வெளிவந்துச்சு. ரெண்டும் சேர்த்து எடுத்தவங்கள்ல நூத்துக்கு 84 பேருக்கு முதல் மறுபரிசோதனைக்குள்ள முழுசா போச்சு, மிசோ மட்டும் எடுத்தவங்கள்ல 67 பேருக்கு. மெடிக்கல்ல நீயா போய் வாங்கிப் போட்டுடாதே. சக்‌ஷன்ல கத்தியே கிடையாது, அத்தைகிட்ட சொல்லு. குழாய் வெச்சு உறிஞ்சி எடுக்கறது, சில நிமிஷ வேலை, பெரும்பாலும் அன்னைக்கே வீடு. சுரண்டுற பழைய முறையை இப்ப வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

உன் ஹீமோகுளோபின் எவ்வளவு? ரத்த குரூப் என்ன? நெகட்டிவ்னா ஊசி வேணுமான்னு டாக்டரைக் கேளு. எந்த வழின்னாலும், ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பேடு நனைஞ்சு அது ரெண்டு மணி நேரம் தொடர்ந்தா 108க்குப் போன் பண்ணிடு, விடியட்டும்னு இருக்காதே. காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தாலும் உடனே காட்டணும்.

ஃபேக்டரியில 80 நாள் வேலை பார்த்திருந்தா கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, சட்டத்துலேயே இருக்கு. டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிக்கோ.

மஞ்சூர்:

ஆம்பளை நான் இதுல பேசலாமான்னு தெரியல. நாங்க காத்திருந்தோம். 17 நாள் ஒண்ணுமில்ல. 18ஆம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது. பனிமூட்டம், முன்னாடி போற ரோடே தெரியல. பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்புல ஊட்டிக்குக் கொண்டு போனோம், பின் சீட்டுல அவ தலை என் மடியில. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. காத்திருந்தது தப்புன்னு நான் சொல்ல வரல, என் அக்கா வீட்லயே நல்லபடியா காத்திருந்து முடிச்சாங்க. வாசல்ல வண்டி இல்லாம காத்திருந்தேனே, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல. உங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்கார்னு படிச்சதும் இதைச் சொல்லணும்னு தோணுச்சு.

கொழுந்துக்காடு:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டரம்மா, நீங்க கேட்டதும் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.9, கம்மிதான். குரூப் பி பாசிட்டிவ். டாக்டருக்குப் போன் பண்ணி, 8.9, வீட்டுலேர்ந்து இவ்வளவு தூரம், ராத்திரி வண்டி இல்லன்னு சொன்னேன். "அப்ப பகல்லயே சக்‌ஷன் பண்ணிக்கலாம், எனக்கும் அதுதான் நிம்மதி"ன்னாங்க. வெள்ளிக்கிழமை காலையில. அவர் லீவு போட்டுட்டு வியாழக்கிழமையே வர்றார்.

மஞ்சூர் அண்ணா, நீங்க எழுதினதை அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, என் வீட்டுக்காரர் பிறக்கறதுக்கு முன்னாடி தனக்கும் ஒண்ணு போச்சுன்னு சொன்னாங்க. இத்தனை வருஷத்துல அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்குத் தானும் வர்றேன்னுட்டாங்க.

குன்னூர் அக்கா, ஒண்ணு மட்டும் கேக்கணும். முதல் ஸ்கேன் படம் என்கிட்ட இருக்கு. நீங்க அதை என்ன பண்ணீங்க?

குன்னூர்க்காரி:

பீரோவுல, ரேஷன் கார்டு வெச்சிருக்கிற கவருக்குள்ள இருக்கு தங்கச்சி. கார்டு எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் ரெண்டு வரி எழுது, நான் முழிச்சுதான் இருப்பேன்.