வெனிஸ் கடைசி நாள்: பெட்டி முதல்ல, போட்டோ அப்புறம்

ஞாயிறு, இரவு 8:05

நிவேதா: முரளி அண்ணா, செல்வி அக்கா, நாளைக்கு கடைசி நாள். ஃப்ளைட் சாயங்காலம் 5 மணி, தோஹா வழியா சென்னை. ரூம் சாந்தா மரியா ஃபோர்மோசா பக்கம், 10 மணிக்குக் காலி பண்ணணும். நாலு பேர், நாலு பெரிய பெட்டி. காலையில என்ன பாக்கலாம்?

முரளி அண்ணா: பாக்குறது இருக்கட்டும், முதல்ல பெட்டி. வெனிஸ்ல தூரத்தை நிமிஷத்துல கணக்கு போடாதீங்க, பாலத்துல போடுங்க. ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்குற படிக்கட்டு. அங்க சக்கரம் உதவாது, தூக்கித்தான் ஆகணும்.

கார்த்தி: மேப்ல பஸ் நிலையம் இருக்கிற பியாட்சாலே ரோமாவுக்கு அரை மணி நடைதான் காட்டுது அண்ணா

முரளி அண்ணா: அது கைவீசி நடக்கிறவனுக்குடா. 23 கிலோவோட வேண்டாம். ரியால்டோ படகுத்துறை வரைக்கும் நடங்க, ரெண்டு மூணு சின்னப் பாலம்தான். அங்க 2-ம் நம்பர் வாபொரெட்டோ, அதாவது பஸ் மாதிரி ஓடுற படகு. 1-ம் நம்பரும் போகும், ஆனா எல்லாத் துறையிலயும் நிக்கும். ஏறுறதுக்கு முன்னாடி மிதவை மேல எழுதியிருக்கிற திசையைப் படிங்க. மாறி ஏறினா எதிர்ப்பக்கம் சான் மார்கோ சதுக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுடும்.

ஷாலினி: எங்ககிட்ட 72 மணி நேர படகு பாஸ் இருக்கு அண்ணா

முரளி அண்ணா: எப்போ முதல் தடவை மிஷின்ல தட்டினீங்க?

ஷாலினி: வெள்ளி காலை 11:20

முரளி அண்ணா: அப்போ திங்கள் 11:20 வரைக்கும்தான் உயிர். பாஸ் நாள் கணக்கு இல்ல, மணிக் கணக்கு. அதுக்கப்புறம் ஏறினா ஆளுக்கு 9.50 யூரோ, 75 நிமிஷ டிக்கெட். அதனால பெட்டியோட படகு ஏறுறது 11-க்கு முன்னாடி முடியணும். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தட்டணும், பச்சை எரியணும். செக்கர் வந்தா "பாஸ் இருக்கு, தட்ட மறந்துட்டேன்"னு சொன்னா கேக்க மாட்டார்.

செல்வி அக்கா: பெட்டி அளவும் பாருங்க. படகுல ஆளுக்கு ஒண்ணு இலவசம், ஆனா நீளம் அகலம் உயரம் கூட்டினா 150 செ.மீ. தாண்டக் கூடாது. 28 இஞ்ச் பெட்டின்னா 75+50+30, 155 ஆயிடும். அதுக்குத் தனி டிக்கெட்.

ஆனந்த்: அய்யோ என்னோடது 28 😅

செல்வி அக்கா: இப்பவே டேப் வச்சு அளந்துடு. சக்கரத்தையும் சேர்த்து.

நிவேதா: அப்போ நேரம் எப்படி வைக்கலாம் அக்கா?

செல்வி அக்கா: பின்னாலிருந்து வாங்க. 5 மணி ஃப்ளைட்னா 2-க்குள்ள ஏர்போர்ட். பியாட்சாலே ரோமால இருந்து பஸ் 20-25 நிமிஷம், ஆளுக்கு 10 யூரோ. ஊர் பாஸ் இதுக்குச் செல்லாது, தனி டிக்கெட். 1:15 பஸ்ஸைக் குறி வைங்க. ஒண்ணு போனாலும் அடுத்தது இருக்கும்.
காலையில 6:45-க்கு வெறுங்கையோட சான் மார்கோ. ரூம்ல இருந்து பத்து நிமிஷம். நவம்பர்ல 7 மணி வாக்குலதான் சூரியன் வருது, அதுக்கு முன்னாடி சதுக்கத்துல குப்பை அள்ளுறவங்க தவிர ஆள் இருக்காது. 8:15-க்கு ரூம். 9:15-க்கு பெட்டியோட வெளிய. 10:15-க்குள்ள பியாட்சாலே ரோமா லக்கேஜ் கவுன்டர்ல போட்டுடுங்க. சாந்தா லூசியா ஸ்டேஷன்லயும் கவுன்டர் உண்டு, ஆனா பஸ் நிக்கிற பக்கம் பெட்டி இருந்தா கடைசியில பாலம் ஏற வேண்டாம்.

முரளி அண்ணா: அக்கா சொல்ற சான் மார்கோவுக்கு ஒரு நிபந்தனை. ராத்திரியே கடல் ஏற்றம் பாருங்க, நகராட்சியோட ஹை டைட் ஆப்ல போட்டிருப்பாங்க. சதுக்கம் ஊர்லயே தாழ்வான இடம், 80-90 செ.மீ. தாண்டினாலே தரையில இருக்கிற வடிகால் ஓட்டை வழியா தண்ணி மேல வரும். கடல் வாசல்ல இருக்கிற மோசே தடுப்பு பொதுவா 110 எதிர்பார்த்தாத்தான் தூக்குவாங்க. நடுவுல இருக்கிற அந்த 20, 30 செ.மீ.தான் ஷூவை நனைக்கும். பலகை நடைபாதை போட்டிருந்தா ஒருத்தர் பின்னால ஒருத்தர் போங்க, நடுவுல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க.

கார்த்தி: படகும் நின்னுடுமா?

முரளி அண்ணா: நிக்காது. தண்ணி ரொம்ப ஏறினா சில தடங்கள் பாலத்துக்கு அடியில நுழைய முடியாம வழி மாறும். பனிமூட்டத்துலயும் அப்படித்தான். அப்புறம் "ஷோபெரோ"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கான்னு துறையில பாருங்க. வேலைநிறுத்தம்னு அர்த்தம்.

ஷாலினி: ரியால்டோ மீன் மார்க்கெட் போகணும்னு ஆசை

செல்வி அக்கா: நாளைக்குத் திங்கள், மீன் கூடம் பூட்டியிருக்கும். ஞாயிறும் திங்களும் கிடையாது. காய்கறி மட்டும் இருக்கும். அதுக்காக அவ்ளோ தூரம் திரும்ப வர வேண்டாம்.

முரளி அண்ணா: பெட்டி போட்டதும் அந்தப் பக்கமே சுத்துங்க. ஃப்ராரி தேவாலயம் பத்துப் பன்னிரண்டு நிமிஷ நடை. பலிபீடத்துக்கு மேல டிட்டியன் வரைஞ்ச மாதாவின் விண்ணேற்பு, 1518. வாசல்ல இருந்தே சிவப்பு துணி கண்ணுல அடிக்கும், கிட்ட ஓடாதீங்க, பின்னாலிருந்து மெதுவா நடந்து போங்க.
அங்கேருந்து சான் ட்ரோவாசோ. கோண்டோலா கட்டுற, பழுது பாக்கிற பட்டறை அங்க இருக்கு. உள்ள விட மாட்டாங்க, கால்வாய்க்கு எதிர்க்கரையில நின்னா எல்லாம் தெரியும். கவிழ்த்துப் போட்டிருக்கிற படகை மூக்குல இருந்து கண்ணை ஓட்டிப் பாருங்க, வளைஞ்சிருக்கும். செஞ்சவன் தப்பு இல்ல. இடது பக்கம் 24 செ.மீ. அகலம் கூட. துடுப்பு ஒண்ணுதான், அதுவும் வலது பக்கம். ரெண்டு பக்கமும் சமமா இருந்தா படகு இடது பக்கமாவே சுத்திக்கிட்டு இருக்கும்.

ஆனந்த்: கோண்டோலா ஏறவே இல்லையே நாங்க

செல்வி அக்கா: பகல்ல அரை மணிக்கு 90 யூரோ. ஆளுக்கு இல்ல, படகுக்கு. 5 பேர் வரைக்கும். நாலு பேர் பிரிச்சா 22.50. வேணும்னா ட்ரோவாசோ பக்கம் ஏறுங்க, சின்னக் கால்வாய் அழகா இருக்கும். ஏறுறதுக்கு முன்னாடி நேரத்தைச் சொல்லி உறுதி பண்ணிக்கோங்க.

நிவேதா: சாப்பாடு? நானும் ஷாலினியும் வெஜ்

செல்வி அக்கா: அங்கயே பாகரோ இருக்கு, நின்னுக்கிட்டே சாப்பிடுற கடை. ரொட்டி மேல வைக்கிற சிக்கெட்டில பாதி மீன். வெள்ளையா வெண்ணெய் மாதிரி இருக்கிறது பக்கலா, அதுவும் மீன்தான், ஏமாந்துடாதீங்க. கத்திரிக்காய், சீஸ், முட்டை வச்ச முக்கோண சாண்ட்விச் கேளுங்க. "அச்சூகே" இருக்கான்னு கேட்டுக்கோங்க, நெத்திலி அது, சாஸ்ல ஒளிஞ்சிருக்கும்.

கார்த்தி: முரானோ கிளாஸ் வாங்கினோம், 210 யூரோ பில். வரி திரும்பக் கிடைக்குமா?

முரளி அண்ணா: ஒரே கடையில 70 யூரோ தாண்டினாலே உண்டு, 2024 பிப்ரவரிக்கு முன்னாடி 155 கிட்ட இருந்தது. கடையில டாக்ஸ் ஃப்ரீ ஃபார்ம் போட்டாங்களா?

கார்த்தி: பாஸ்போர்ட் கேட்டு போட்டாங்க

முரளி அண்ணா: சரி. தப்பு நடக்கிற இடம் செக்-இன் கவுன்டர். போனதும் பெட்டியைக் கொடுத்துடாதீங்க. "டாக்ஸ் ஃப்ரீ"ன்னு சொல்லி டேக் ஒட்டி போர்டிங் பாஸ் வாங்கிட்டு, பெட்டியைத் திரும்ப இழுத்துக்கிட்டு கஸ்டம்ஸ் போங்க. பொருளைக் காட்டச் சொன்னா காட்டணும். பெட்டி பெல்ட்ல போயிட்டா காட்ட ஒண்ணும் இருக்காது. வரி 22 சதவீதம்னாலும் சேவைக் கட்டணம் போக அவ்ளோ கைக்கு வராது.

செல்வி அக்கா: கிளாஸை எப்படிக் கட்டினீங்க?

கார்த்தி: கடைக்காரர் கொடுத்த டப்பாவோட பெட்டி ஓரத்துல

செல்வி அக்கா: ஓரம் வேண்டாம், அடி விழுறதே அங்கதான். உள்ள காலியா இருக்கிற பொருள்னா சாக்ஸை லேசா நிரப்புங்க, திணிக்காதீங்க. காம்பு இருந்தா அதைத் தனியா சுத்துங்க. பெட்டி நடுவுல, சுத்தி எல்லாப் பக்கமும் நாலு விரல் துணி. குலுக்கிப் பாத்தா சத்தம் வரக் கூடாது.

ஷாலினி: அக்கா, தண்ணியில பனி விழுற கண்ணாடி உருண்டை ரெண்டு வாங்கினேன். அது என் கைப்பையில இருக்கு

செல்வி அக்கா: அதைப் பெட்டிக்கு மாத்து. உள்ள இருக்கிறது திரவம், செக்யூரிட்டில பிடுங்கினாலும் பிடுங்கிடுவாங்க.

முரளி அண்ணா: ரூம்காரருக்கு சுற்றுலா வரி பாக்கி இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க, நிறைய பேர் ரொக்கமா கேப்பாங்க. சில்லறைக் காசை மிச்சம் வைக்காதீங்க, சென்னையில நோட்டு மட்டும்தான் மாத்துவாங்க. கழிப்பறைக்கு 1.50, நின்னு குடிக்கிற காபிக்குக் கொஞ்சம், எல்லாம் காசாவே கொடுங்க.

ஆனந்த்: அளந்துட்டேன். 157 😭

செல்வி அக்கா: அப்போ உனக்கு லக்கேஜ் டிக்கெட். ரியால்டோ மிஷின்லயே எடு. அந்தக் காசுக்கு எல்லாரோட அழுக்குத் துணியையும் உன் பெட்டியில அடைச்சுக்கோ.