சின்ன டெலஸ்கோப்பில் பெரிய ஐபீஸ்: மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:
என்னிடம் இருப்பது 90 மி.மீ. மக்சுடோவ் (வில்லையும் ஆடியும் சேர்ந்த குட்டையான டெலஸ்கோப்), குவியத் தூரம் 1250 மி.மீ. தாங்கியின் இரண்டு கைகளுக்கு நடுவே குழாய் நிற்கும் ரகம். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் கொல்லைக்கு எங்கே போவது? பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம்தான் நமக்குக் கொல்லை. அங்கே இரண்டு அங்குல ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), கேமரா இரண்டையும் மாட்டிப் பார்த்தேன்.

அடாப்டர் இருந்தால் எதையும் மாட்டிவிடலாம். மாட்டிய பிறகு குழாய் நிமிருமா என்பதுதான் விஷயம். லண்டனில் ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகம் 33 பாகை உயரத்தைத் தாண்டாது, அங்கே இந்தத் தொல்லை குறைவு. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே. அதே நெபுலா இங்கே நடுவானுக்கு வந்தால் நேர் உச்சியிலிருந்து ஏழு பாகைகூடத் தள்ளி நிற்பதில்லை. குழாயின் வாய் மேலே போகப் போக, பின்பக்கம் கீழே இறங்கும். பின்னால் கேமரா இருந்தால் அடித்தட்டில் முட்டும். குழாயைத் திருப்பும் மோட்டாருக்கு அது தெரியவா போகிறது, பல்சக்கரம் கறகறவென்று திருகிக்கொண்டே இருக்கும். அதனால் கேமராவைத் தெற்கே 41 பாகை வரைதான் ஏறும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்துக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஐபீஸ் குழாயின் பின்முனை மேல்துளையில் நிற்பதால் முட்டாது. ஆனால் எடை! பெரியவை சில ஒரு கிலோவை நெருங்கும். கையை எடுத்ததும் குழாயின் வாய் தானாக வானத்தைப் பார்க்கும். தூண்டில் ஈயக்குண்டுகளை வெல்க்ரோ பட்டையில் தைத்துக் குழாயின் முன்முனையில் கட்டினேன். படுக்கையாக இருக்கும்போது சரி, நிமிர்த்தினால் மறுபடி சாயும். ஐபீஸ் பின்னால் மட்டுமா இருக்கிறது, மேலேயும் அல்லவா துருத்திக்கொண்டிருக்கிறது? குண்டை முன்முனையின் அடிப்பக்கத்துக்கு, அதாவது ஐபீஸுக்கு நேர் குறுக்கே எதிர்மூலைக்கு நகர்த்தியதும் எந்தக் கோணத்திலும் அசையாமல் நின்றது.

இவ்வளவு செய்தும் வானம் அகலமாகத் தெரிந்ததா என்றால், இல்லை. ஒளி வரும் துளை ஒன்றேகால் அங்குலம்தானே. வழக்கமான சின்ன ஐபீஸான 32 மி.மீ. பிளாசல் காட்டும் ஒன்றேகால் பாகைக்கு வெளியே எல்லாம் இருட்டு. கண்ணாடி பெரிதாக இருப்பதால் கண் வைக்க வசதி, அவ்வளவுதான்.

செங்காங் தங்கச்சி:
அண்ணே, என்னுடையது 127 மி.மீ., ஒற்றைக் கை மவுன்ட் (குழாயைப் பிடித்துத் திருப்பும் தாங்கி). இதில் ஒரு சௌகரியம், டவ்டெயிலை (குழாயைத் தாங்கியில் பிடிக்கும் சட்டம்) தளர்த்திக் குழாயையே முன்னால் தள்ளிவிடலாம். பின்னால் இரண்டு அங்குல டயகனலுக்கு (ஒளியை ஐபீஸுக்குத் திருப்பும் ஆடி) இடமும் கிடைத்தது, எடையும் சமனாகிவிட்டது. ஈயக்குண்டு வேலையே இல்லை.

ஆனால் உச்சிக்கு அருகே மோட்டார் தடுமாறுவது போகவில்லை. அங்கே ஒரு பொருளைத் துரத்த மவுன்ட் பக்கவாட்டில் வெகு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அதனால் ஓரியனை உச்சிக்கு வரும் முன்போ பின்போ இரண்டு மணி நேரம் தள்ளித்தான் பார்க்கிறேன். அப்போது உயரம் 59 பாகை சொச்சம், முட்டுவதும் இல்லை.

அப்புறம், ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போகாதீர்கள். முன்கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். பெரிய ஐபீஸ் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். மூடியோடு அரை மணி நேரம் காரிடாரில் வைத்துவிடுவேன்.

உட்லண்ட்ஸ் பெரியவர்:
நான் பிளாசலோடு நிறுத்திக்கொண்டவன். காசு போட்டு மாட்டிய ஒரே பெரிய சாமான் செங்கோண ஃபைண்டர் (இலக்கைத் தேட உதவும், பக்கவாட்டிலிருந்து பார்க்கும் துணைக்குழாய்). பழைய நேர்க்குழாயில் உச்சியைப் பார்க்க சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருந்தது. 62 வயதில் அதெல்லாம் ஆகாது தம்பி. ஒன்று கேட்கணும், அந்தக் குண்டு மொத்தம் எவ்வளவு எடை வைத்தீர்கள்?

ஈசூன்வாசி:
ஐபீஸ் எடையில் முக்கால்வாசி போதும் ஐயா. குழாயின் முன்முனை அச்சிலிருந்து அதிகத் தூரம், அதனால் குறைந்த எடையே இழுத்துப் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள்.