மார்ச் முதல் வாரம் ஊட்டி: அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69, பிளான் சரியா இருக்கா?

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் முதல் வாரத்துல அப்பா அம்மாவ ஊட்டி கூட்டிட்டு போகலாம்னு இருக்கோம். நான், வீட்டம்மா, ரெண்டாவது படிக்கிற பையன், அப்பா, அம்மா, மொத்தம் அஞ்சு பேர். ஏப்ரல் மே ல போனா கூட்டம் தாங்காது, பையன் சின்ன கிளாஸ்தானே மூணு நாள் லீவு போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

அப்பாவுக்கு 74, ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க, பிபி மாத்திரையும் போடறார், ஆனா தினமும் காலைல ஒரு மணி நேரம் நடப்பார். அம்மாவுக்கு 69, சுகருக்கு மாத்திரை மட்டும்தான், முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு, படி ஏறக்கூட எப்படியோ ஏறிடறாங்க, இறங்கறதுதான் உயிர் போகுதுன்னு சொல்றாங்க. கார்ல வளைவு வந்தா வாந்தி வேற வரும்.

இந்த டிரிப்பே அம்மாவுக்காகத்தான். கல்யாணமான புதுசுல 1979 ல அப்பாவோட மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில்ல போயிருக்காங்க, குகைக்குள்ள வண்டி நுழையறப்ப எல்லாரும் ஓன்னு கத்துவாங்களாம், அந்த இருட்டுல அப்பா கைய பிடிச்சுக்கிட்டாராம், வெளிச்சம் வந்ததும் விட்டுட்டாராம். இத எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து சொல்லிட்டு இருக்காங்க. அதுக்கப்புறம் ஊட்டிக்கே போகல.

என் பிளான்: ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், காலைல 7.10 மலை ரயில், மதியம் ஊட்டி, சாயங்காலம் பொட்டானிகல் கார்டன். ரெண்டாம் நாள் தொட்டபெட்டா, குன்னூர், சிம்ஸ் பார்க், டால்பின் நோஸ். மூணாம் நாள் பைக்காரா, முதுமலை, ராத்திரி ரிட்டர்ன். இது பெரியவங்களுக்கு ஜாஸ்தின்னு வீட்ல சொல்றாங்க. குளிர் எப்படி இருக்கும்? பேசாம கொடைக்கானல் போயிடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

குன்னூர்க்காரர்

வீட்ல சொல்றதுதான் சரி தம்பி. நான் இங்கயே பொறந்து வளந்தவன், வர்ற வண்டிங்கள தினமும் பாக்கறேன், பெரியவங்க பாதிப் பேர் கார் சீட்லயே தூங்கிட்டு இருப்பாங்க, பசங்க மட்டும் இறங்கி போட்டோ எடுத்துட்டு ஏறுவாங்க, மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

முதல்ல குளிர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க, மார்ச் முதல் வாரம் இன்னும் மாசிதான். உறைபனி காலம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், பகல்ல வெயில் சுள்ளுனு அடிக்கும், ஆனா நிழலுக்கு வந்தா குளிரும், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல சட்டுனு இறங்கிடும். ஒரே கனமான ஜெர்கின் போடறத விட மெல்லிசா ரெண்டு மூணு போட்டு கழட்டி மாட்டிக்கற மாதிரி வச்சுக்கங்க, குல்லா கண்டிப்பா வேணும்.

ஊட்டில தங்காதீங்க, குன்னூர்ல தங்குங்க. ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் கிட்டத்தட்ட 400, 500 மீட்டர் கீழ இருக்கு, ராத்திரி குளிர்ல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். ஒரு நாள் மட்டும் ஊட்டிக்கு போயிட்டு வாங்க, இருபது கிலோமீட்டர் கூட இல்ல.

இடம்னு பாத்தா டால்பின் நோஸ் அம்மா முழங்காலுக்கு வேண்டாம். சிம்ஸ் பார்க் 1874 ல ஆரம்பிச்சது, மரமெல்லாம் அவ்வளவு அழகு, ஆனா கேட்டுல இருந்து உள்ள போகப் போக பள்ளம், இறங்கறதுதான் கஷ்டம்னா மேல கேட்டு பக்கத்துலயே ஒரு பெஞ்ச் பாத்து உக்கார வச்சிடுங்க. ஊட்டி ரோஜா தோட்டம் தட்டு தட்டா படியா இருக்கும், விட்டுடுங்க. பொட்டானிகல் கார்டன்ல கீழ இருக்கற புல்வெளியே போதும், மேட்டுக்கு ஏற வேண்டாம். முதுமலை இந்த டிரிப்ல வேண்டவே வேண்டாம், ஊட்டில இருந்து மசினகுடி போற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அம்மாவ நினைச்சுப் பாருங்க.

அதுக்கு பதிலா கேத்தி பக்கம் ரோட்டோரமா வண்டிய நிறுத்தி அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. கீழ பூரா கேரட் தோட்டம், கழுவி மூட்டை கட்டிட்டு இருப்பாங்க. வழில செக்கச்செவேல்னு பூத்த மரம் பாத்தீங்கன்னா அது காட்டுப்பூவரசு, இந்த சீசன்ல இருக்கும், அம்மாவுக்கு காட்டுங்க.

இ-பாஸ் மறக்காதீங்க. 2024 மே 7 ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி வெளியூர் வண்டிக்கு வேணும், ஆன்லைன்லயே எடுத்துடலாம். 2025 ல ஏப்ரல்ல இருந்து ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு எண்ணிக்கையும் வச்சாங்க, வார நாள்ல 6000, சனி ஞாயிறு 8000. மார்ச்ல வர்றது அந்த விதத்துலயும் நல்லது. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, தடை இருக்கு, ஸ்டீல் பாட்டிலும் ஒரு ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கங்க.

மதுரைமருமகள்

நாங்க போன வருஷம் மாமியார கூட்டிட்டு போய் பட்டது சொல்றேன், உங்களுக்கு உதவும். ரூம் போட்டோவுல எல்லாம் பிரமாதமா இருந்துச்சு, ஜன்னல தொறந்தா பள்ளத்தாக்கு. போய் இறங்கினா ரோட்டு மட்டத்துல ரிசப்ஷன் மட்டும்தான், ரூமெல்லாம் கீழ சரிவுல, நான் எண்ணினேன் 42 படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் அதுவும் பாதி தூரம். மாமியார் ஒரு தடவ இறங்கினவங்க மூணு நாளும் வெளிய வரல, நீங்க போயிட்டு வாங்கம்மா நான் இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டாங்க, ஜன்னல் வழியா தேயிலைய பாத்துக்கிட்டே ஜபமாலை உருட்டிட்டு இருந்தாங்க, இப்ப நினைச்சாலும் எனக்கு கண்ணு கலங்குது, அவங்களுக்காகன்னு சொல்லித்தான் கிளம்பினோம்.

அதனால "கிரவுண்ட் ஃப்ளோரா"ன்னு கேட்டா பத்தாது, மலைல கிரவுண்ட் ஃப்ளோர்னா அது எங்க வேணா இருக்கலாம். கார் நிக்கற இடத்துல இருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படின்னு கேளுங்க, வாட்சப்ல வீடியோ அனுப்ப சொல்லுங்க. வெஸ்டர்ன் டாய்லெட், பிடிச்சு எந்திரிக்க கம்பி, சுடுதண்ணி நாள் பூரா வருமா இல்ல காலைல ரெண்டு மணி நேரம்தானா, ஹீட்டருக்கு தனி காசா, எல்லாம் முன்னாடியே கேட்டுடுங்க. ராத்திரி பாத்ரூம் போறப்ப வழுக்காம இருக்க வீட்டு ரப்பர் மேட்ட சுருட்டி எடுத்துட்டு போங்க, சின்ன நைட் லேம்ப் ஒண்ணும்.

இன்னொண்ணு, டெம்போ டிராவலர் மாதிரி உயரமான வண்டி வேண்டாம், இன்னோவா மாதிரி போதும், டிக்கில ஒரு குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கங்க, ஏறி இறங்க அதுல கால் வச்சா அம்மாவுக்கு பாதி வலி குறையும்.

நர்ஸக்கா

தம்பி, கார்டியாலஜி வார்டுல ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்கற முறைல சொல்றேன். ஊட்டி உயரத்துக்கு பொதுவா மூச்சுத்திணறல் மலை வியாதியெல்லாம் வராது, அது பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல. பயப்பட வேண்டியது குளிருக்கும் அவசரத்துக்கும்தான். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும், அப்பாவோட காலை நடைய அங்க ஆறு மணிக்கு வச்சுக்க வேண்டாம், வெயில் வந்து ஒன்பது மணிக்கு மேல நடக்கட்டும். இப்ப ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதா, நெஞ்சு இறுக்குதான்னு பாருங்க, கிளம்பறதுக்கு முன்னாடி அவரோட டாக்டர ஒரு தடவ பாத்துடுங்க. ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய ஒரு நாள் கூட விடக்கூடாது, நாலு நாள் டிரிப்னா எட்டு நாள் மாத்திரை, அதுவும் பெட்டில இல்ல, கைப்பைல.

அம்மாவுக்கு சுகர் மாத்திரை போட்டுட்டு சாப்பிட்டத வாந்தி எடுத்துட்டா சுகர் சட்டுனு இறங்கிடும். வேர்வை, நடுக்கம், பேச்சு குழறல் இருந்தா யோசிக்காம குளுக்கோஸோ சர்க்கரையோ குடுங்க, கைல எப்பவும் இருக்கணும். வாந்திக்கு அவோமின் மாதிரி மாத்திரைய நீங்களா வாங்கி குடுக்காதீங்க, வயசானவங்களுக்கு தூக்கக் கலக்கமும் குழப்பமும் வரும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க. காலைல ரெண்டு இட்லி, எண்ணெய் இல்லாம, முன் சீட், ஜன்னல் கொஞ்சம் தொறந்து, பார்வை ரோட்டு மேல. போன்ல பேரன் வீடியோவ காட்டக்கூடாது.

ரொம்ப நாள் சுகர் இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், குளிருதேன்னு ஹாட் வாட்டர் பேக்கயும் ஹீட்டரயும் காலுக்கு பக்கத்துல வச்சு கொப்புளம் போட்டு வந்தவங்கள நிறைய பாத்திருக்கேன், காலைலதான் தெரியும். கம்பளி சாக்ஸ் போதும். கடைசியா ஒண்ணு, யாராவது கரி அடுப்பு கொண்டு வந்து வைக்கறேன்னு சொன்னா ரூமுக்குள்ள விடவே விடாதீங்க. கதவ மூடிட்டு கரி மூட்டினா வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 42 படி விஷயத்த படிச்சிட்டு நான் புக் பண்ண இடத்துக்கு போன் போட்டேன், அங்கயும் 18 படியாம், கேன்சல் பண்ணிட்டேன். ஆனா ரயில் பத்தி யாரும் சொல்லலயே? அம்மாவால அஞ்சு மணி நேரம் உக்கார முடியுமா?

பல்சக்கரம்

நான் சொல்றேன். இந்த ரயில்ல எத்தனை தடவ போயிருக்கேன்னு கணக்கே இல்ல, எனக்கு உசுரு. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி ஸ்டேஷன் 2203 மீட்டர், 46 கிலோமீட்டர்ல ஏறுது, 16 குகை, 2005 ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. கல்லாருக்கு மேல குன்னூர் வரைக்கும் 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம், அதனாலதான் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச தண்டவாளம், இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும்.

அம்மாவுக்கு பிரச்சனை என்னன்னா சீட். எதிரெதிர் பெஞ்ச், முட்டியும் முட்டியும் இடிக்கும், கால நீட்ட இடமே இருக்காது, பெட்டில டாய்லெட்டும் கிடையாது, வண்டி தண்ணி பிடிக்க நிக்கற ஸ்டேஷன்ல இறங்கித்தான் போகணும். ராத்திரி பூரா எக்ஸ்பிரஸ்ல வந்துட்டு உடனே அஞ்சு மணி நேரம் இதுல, வேண்டாம்.

பாதிப் பேர் குன்னூர்-ஊட்டி மட்டும் போங்கம்பாங்க, ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அதுவும் அழகுதான், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு போகும். ஆனா உங்க அம்மா சொல்ற ரயில் அது இல்ல. பல்சக்கரமும் காடும் குகைல பெரும்பாலானதும் குன்னூருக்கு கீழதான் இருக்கு.

அதனால திருப்பிப் போடுங்க. போறப்ப மேட்டுப்பாளையத்துல இறங்கி, இட்லி சாப்பிட்டு, அரை மணி ஆற விட்டு, கார்ல மெதுவா ஏறுங்க, பர்லியார்ல ஒரு தடவ நிறுத்துங்க. கடைசி நாள் இறங்கறப்ப ரயில். ஊட்டில மதியம் 2 மணிக்கு கிளம்பற வண்டி மூணே கால் வாக்குல குன்னூர் வரும், அஞ்சரை மணிவாக்குல மேட்டுப்பாளையம். நீங்க குன்னூர்லயே ஏறினா ரெண்டேகால் மணி நேரம்தான், ஸ்டேஷன்லயே பாத்ரூம் போயிட்டு ஏறிடலாம், பல்சக்கரம், குகை, பாலம் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். இறங்கற வளைவுல வாந்தியும் மிச்சம், அதே ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க நேரமும் இருக்கு. புக்கிங் இப்ப 60 நாள் முன்னாடிதான் தொறக்கும், தொறந்த அன்னைக்கே எடுத்துடுங்க, சீட்டு ரொம்ப கம்மி. மார்ச்ல மழை இல்லாததால மண்சரிவுன்னு வண்டி ரத்தாகறதும் அபூர்வம்.

கொடைக்கானல் நல்ல ஊர்தான், ஆனா கொடைரோடு ஸ்டேஷன்ல இருந்து 80 கிலோமீட்டர், வாந்தி எடுக்கறவங்களுக்கு ரொம்ப நீளம். அங்க இந்த ரயிலும் கிடையாது.

தாம்பரம்வாசி

அண்ணா, இறங்கறப்ப ரயில்னு எனக்கு தோணவே இல்ல, கோடி நன்றி. நேத்து ராத்திரி சாப்பிடறப்ப பேசினோம். முதல் நாள் குன்னூர் வந்து ரெஸ்ட், ரெண்டாம் நாள் பதினொரு மணிக்கு மேல ஊட்டி, கார்டன் புல்வெளி, திரும்பறப்ப கேத்தி. மூணாம் நாள் வேற எதுவும் இல்ல, காலைல மெதுவா எந்திரிச்சு வர்க்கியும் டீயும், அப்புறம் ஸ்டேஷன். அப்பாவுக்கு வர்ற வியாழக்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு. நேரா ரோட்டு மட்டத்துல ஒரு ஹோம்ஸ்டே, ரெண்டே படி, வீடியோ வாங்கிட்டேன்.

அம்மாகிட்ட தொட்டபெட்டா இல்லன்னு தயங்கித்தான் சொன்னேன், எனக்கெதுக்குடா அதெல்லாம், ஜன்னல் சீட்டு கிடைக்குமான்னு மட்டும் கேட்டாங்க. அப்பா தட்டுல இருந்து தலைய தூக்காம, ரெண்டு ஜன்னல் சீட்டு எதுக்கு, பக்கத்து பக்கத்துல போடுன்னார்.