துணைப்பண்பாடா, கிளைப்பண்பாடா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

பெரிய சமூகத்துக்குள் ஒரு குழு தனக்கென வளர்த்துக்கொள்ளும் பழக்கங்களையும் மதிப்புகளையும் குறிக்கும் ‘சப்கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் உபகலாச்சாரம், துணைப்பண்பாடு, உட்பண்பாடு என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. பண்பாடு என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்ட பிறகு முதல் சொல் தேவையில்லை என்பதால் அதைத் தாண்டிச் செல்கிறேன். மற்ற இரண்டிலும் எனக்குத் தடை உண்டு. துணைவேந்தர், துணை ஆட்சியர், துணைவினை என்றே பழகிய காதுக்கு, துணைப்பண்பாடு என்பது பெரிய பண்பாட்டின் அருகே கைகட்டி நிற்கும் ஒன்றாகத்தான் படும். உட்பண்பாடு என்றாலோ பெட்டிக்குள் பெட்டி.

இதை ஆராயும் சமூகவியலின் அக்கறை ‘எப்படி உருவாகிறது’ என்பதில் இருக்கிறது. ஒரே வகைச் சிக்கலில் அகப்பட்ட பலர் ஒருவரோடொருவர் பழகும்போது, அவர்களுக்கிடையே ஒரு புதிய மதிப்பளவை முளைக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்பர்ட் கோஹன் 1955இல் விளக்கினார். பள்ளியின் நடுத்தர வர்க்க அளவுகோலில் தோற்றுக்கொண்டே இருக்கும் தொழிலாளர் வீட்டுப் பையன்கள், தாங்கள் வெல்லக்கூடிய வேறோர் அளவுகோலைத் தங்களுக்குள் நிறுவிக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. ஆகவே நமக்கு வேண்டியது வினையாகவும் வரக்கூடிய பெயர். அதனால் கிளைப்பண்பாடு என்கிறேன். ‘கிளை’ அவ்வாறு வரும்: பண்பாடு கிளைக்கிறது, பண்பாட்டுக் கிளைப்பு. துணையை வைத்து இப்படி ஒரு வினை செய்ய முயன்று பாருங்கள்.

எங்கள் வேலூர்ப் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று. இங்கே மாடு விடும் விழாவில் மதுரைப் பக்கம் போலக் காளையைத் தழுவுவதில்லை; தெருவில் ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள், குறைந்த நேரத்தில் எல்லையைத் தொட்ட காளைக்குப் பரிசு. சென்ற தையில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பையனைப் பார்த்தேன், பதினாறு வயதிருக்கும். மார்பில் காளையின் பெயர் அச்சிட்ட பனியன், கையில் ஓடுநேரம் பார்க்கும் கைபேசி. எந்த ஊரில் எந்தக் காளை எத்தனை நொடியில் ஓடியது என்று நொடியின் பின்னம் வரை சொன்னான். சுற்றி நின்றவர்களில் அவனைவிட மூத்தவர்கள்கூட ஐயம் வந்தால் அவனைத்தான் கேட்டார்கள். அவன் மதிப்பெண் பட்டியலை அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? காளையும் தைப்பொங்கலும் அடிமரத்தைச் சேர்ந்தவை; பனியனும் கைபேசிக் காணொளியும் நொடிக்கணக்கு மரியாதையும் அதிலிருந்து கிளைத்தவை.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்களின் எழுச்சியையும் இதில் சேர்க்கலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நெற்றிக்குறி, காதணி, தாடி, தோல் சேர்த்த புதிய தலைப்பாகை என உடையும் அடையாளமும் அங்கே பெரும்பொருள் கொண்டிருந்தது உண்மையே. ஆனால் சிப்பாய்கள் காத்துநின்றது அடிமரத்தை. புதிதாக எதுவும் அங்கே கிளைக்கவில்லை.

காட்பாடியிலிருந்து,
தங்கள் நண்பன்

———

அன்புள்ள ஐயா,

மொழியியலில் வட்டார வழக்கு போன்றவற்றைக் குறிக்கக் கிளைமொழி என்ற சொல் ஏற்கெனவே இருப்பது தங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. எனினும் இரண்டு ஐயங்கள். கிளை என்றதும் வங்கிக் கிளையும் கட்சிக் கிளையும் நினைவுக்கு வாராவா? மேலும், மரபை முறித்துக்கொண்டு வந்த, முரட்டு ராக் இசையும் கலக உடையுமாகத் திரிந்த லண்டன் ‘பங்க்’ இளைஞர்களைக் கிளை என்று சொல்லலாமா?

———

அன்புள்ள அம்மா,

வங்கிக் கிளை தலைமையகத்தின் ஆணையால் திறக்கப்படுவது. கிளைப்பண்பாட்டைத் திறந்துவைக்க எவரும் வருவதில்லை. சூழலே வேறுபாட்டைக் காட்டிவிடும் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஐயம் கனமானது. பங்க் இளைஞர்கள் ஊக்கைக் கன்னத்தில் குத்திக்கொண்டது முறிவாகத்தான் தோன்றும். ஆனால் கிழக்கு லண்டன் இளைஞர் குழுக்களைப் பற்றி 1972இல் எழுதிய பிரிட்டிஷ் ஆய்வாளர் ஃபில் கோஹன் (முன்னர்ச் சொன்ன கோஹன் அல்லர்), பெற்றோரின் பண்பாட்டில் தீராமல் கிடந்த முரண்களையே பிள்ளைகள் தங்கள் பாணியால் தீர்க்க முயல்கிறார்கள் என்றார். பெற்றோரின் அந்தப் பண்பாட்டைத் தாய்ப்பண்பாடு என்று வைத்தால் கிளையும் பொருந்துகிறது. ஆளும் மதிப்புகளை வெளிப்படையாகவே மறுத்துத் திட்டமிட்டு நிற்பவற்றுக்கு எதிர்ப்பண்பாடு என்பதை ஒதுக்கிவைக்கலாம்.

இனித் தொகைச்சொல்லில் வைத்துச் சோதிக்க வேண்டும். நடனவிடுதி இளைஞர்களிடையே ‘விவரம் தெரிந்தவர்’ என்ற தகுதியே ஒரு செல்வமாக இயங்குவதைச் சமூகவியலாளர் சாரா தார்ன்டன் 1995இல் எடுத்துக்காட்டினார். அணைக்கட்டுப் பையனிடம் இருந்ததும் அதுவே. அதனைக் கிளைப்பண்பாட்டு மூலதனம் என்று எழுதிப் பார்த்தேன். நீளம்தான், ஆனால் துணைப்பண்பாட்டு மூலதனத்தைவிட ஓர் எழுத்தும் கூடவில்லை.